ஆயிலியத்துக்கு ஒட்டிக்கொண்ட பூசத்தின் முகம்

இந்தத் தொழிலை விட்டு ஓய்ந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் வீரக்கதைதான் சொல்வார்கள். எரிந்துபோன வன்தட்டிலிருந்து ஓர் அரசாங்கக் கந்தோரின் முழுக் கோப்புகளையும் மீட்டேன், வெள்ளத்தில் மிதந்த கணினியை மறுநாளே பாட வைத்தேன் என்று அடுக்குவார்கள். புதிதாக வந்திருக்கும் நீங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த வகை இல்லை. ஐந்து நிமிடத்தில் தீரவேண்டிய சின்னப் பழுது ஒன்றில் என் கெட்டித்தனத்தைக் காட்டப்போய், அதைத் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நாள் வளர்த்து, கடைசியில் கோயில் வீதியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய கதை. இப்போதும் நினைத்தால் தனியே இருந்து சிரிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி என் மகளுக்குப் போன் எடுத்து, "அம்மாவை ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று சொல்லியும் விட்டாள்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்தியில், சந்தைக்குக் கிட்ட, ஒரு மாடியில் என் கடை இருந்தது. முழங்கால் அந்தப் படிகளோடு கோபித்துக்கொண்டதால் போன வருடம் கடையைக் கொடுத்துவிட்டேன். பொம்பிளை ஒருத்தி கணினி திருத்துகிறாள் என்று ஆரம்பத்தில் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு எட்டிப் பார்த்தவர்களே கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னென்ன பழுது பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நாவூறு பட்டுவிட்டது என்று ஒருவர் கணினிப் பெட்டிக்குள் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து, அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தார். பழுதே அந்த எலுமிச்சம்பழம்தான் என்று அவரை நம்பவைக்க எனக்கு அரை நாள் போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குட்டிப்படம் என்றால் உங்களுக்குத் தெரியும். கணினியில் படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னதாகத் தெரியுமே, அதுதான். ஒவ்வொரு தடவையும் எல்லாப் படங்களையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக் கணினிக்குப் பொறுமை இல்லை. ஒருமுறை பார்த்துச் சின்னதாக வரைந்து, வேறொரு இடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதைத்தான் எடுத்துக் காட்டும். அந்தச் சேமிப்புப் பழுதானால் சாம்பல் பெட்டி தெரியும், கறுப்புப் பெட்டி தெரியும், சிலவேளை ஒரு படத்தின் பெயருக்கு மேலே வேறொரு படத்தின் உருவம் தெரியும். அசல் படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குசினியில் பேணிகளில் ஒட்டிய பெயர்த் துண்டுகளை யாரோ மாற்றி ஒட்டிவிட்டால், மிளகாய்த்தூள் கோப்பித்தூள் ஆகிவிடுமா? மூடியைத் திறந்து மணந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்று சொல்வார்களே, அது நான்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணத் தரகர் இருந்தார். வலிகாமம் முழுக்க அவர் தேத்தண்ணி குடிக்காத வீடு இல்லை. சைக்கிளில் பைல்கட்டோடு திரிந்தவர், வெளிநாட்டில் இருக்கும் பெறாமகன், தம்பியின் பிள்ளை, கணினி ஒன்று வாங்கிக் கொடுத்து, படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்றையும் போட்டுக் கொடுத்ததிலிருந்து நவீன தரகர் ஆகிவிட்டார். அவருடைய கணினியில் எத்தனையோ பெண்களும் மாப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் பெயர் கிடையாது. பொருத்தம் பார்த்து முடியும்வரை பெண்ணின் பெயர் வெளியே போகக்கூடாது என்பது அவர் கட்டிக்காத்த ஒழுங்கு. குறிப்பும் படமும் மட்டும் போகும். ஆகவே படங்களுக்கெல்லாம் நட்சத்திரமும் பாதமும்தான் பெயர். ரோகிணி ஒன்று, மகம் மூன்று, பூசம் இரண்டு, ஆயிலியம் நாலு, இப்படி. வீதியில் ஆட்களைக் கண்டாலும் அவருக்கு நட்சத்திரம்தான் வாயில் வரும். ஒருநாள் என் கடை வாசலில் நின்று, "அங்கை பார் தங்கச்சி, சுவாதி மரக்கறி வாங்குது" என்றார்.

ஒரு மாரிக்காலத்து மத்தியானம் அந்த மனுசன் கணினியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"தங்கச்சி, உலகம் பிரண்டு போச்சுது! கறண்ட் நிண்டு வந்த பிறகு பாக்கிறன், ஆயிலியத்துக்குப் பூசத்தின்ரை முகம் வந்திட்டுது. பூசம் மாட்டுக்கன்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது!"

கன்றுக்குட்டியோடு நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். கோப்பாயில் இருக்கும் மிருக வைத்தியர். முப்பத்தாறு வயது, கண்ணாடி போட்டவர். சேலை கட்டி ஸ்ரூடியோவில் படம் எடுத்துத் தரச்சொல்லித் தரகர் கெஞ்சியும், "இதுதான் நான்" என்று ஒரு கன்றைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் படத்தைக் கொடுத்தவர். அவருடைய நட்சத்திரம் ஆயிலியம். ஆயிலியம் மாமிக்கு, அதுதான் மாப்பிள்ளையின் தாய்க்கு, ஆகாது என்று எங்கள் சனம் ஒரு கதை வைத்திருக்கிறது. அதனால் பன்னிரண்டு வருடமாக வந்த பேச்செல்லாம் மாமிமாரின் வாசலில் முறிந்துபோனது. "மாடுகள் நட்சத்திரம் கேக்கிறேல்லை, அதாலைதான் நான் அதுகளோடை சந்தோசமா இருக்கிறன்" என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு சொல்லும். சிரிப்புத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போய் நின்று, திரும்பி வந்து, "என்ரை மூஞ்சையும் அப்பிடித்தானே" என்று தாயிடம் சொல்லியிருக்கிறது. அதை அந்தத் தாயே எனக்குச் சொல்லியிருக்கிறா. பூசம் இரண்டு என்பது இருபத்துநாலு வயதுப் பிள்ளை. பார்த்தால் கண்ணை எடுக்கமுடியாத வடிவு.

இப்போது என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். திரையைப் பார்த்தேன். பதினொரு படங்களில் பெயர் ஒன்று, முகம் ஒன்று. கீழே இரண்டு பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தரகரோ என் காதுக்குள் மூச்சு விடுகிறார். "பெயர்கள் மாறிப்போச்சுது அண்ணை, அவ்வளவுதான். நீங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ, நான் பெயரை மாத்திறன்" என்றேன். அவர் பின்னால் நின்று தேவாரம் பாடுவது போல, "உது பூசம் ரெண்டு, உது ஆயிலியம் நாலு, உது கேட்டை ஒண்டு" என்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் வைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஒரு படத்தையாவது பெரிதாகத் திறந்து பார்த்தேனா? இல்லை. பேணியின் மூடியைத் திறக்காமலே, துண்டைப் பார்த்துக் குசினி முழுவதையும் ஒழுங்குபடுத்திவிட்டேன்.

விளங்குகிறதா? அதுவரைக்கும் பெயர்களும் சரி, அசல் படங்களும் சரி. முகப்பில் தெரிந்த குட்டிப்படம் மட்டும் பொய் சொன்னது. நான் அந்தப் பொய்யை நம்பி, சரியாக இருந்த பெயர்களைப் பிழையாக்கினேன். இப்போது திரையில் எல்லாம் அழகாகப் பொருந்தி இருந்தது. ஆயிலியம் என்று எழுதிய இடத்தில் கன்றுக்குட்டியோடு வைத்தியர் தெரிந்தார். ஆனால் அதை அனுப்பினால் கணினி குட்டிப்படத்தையா அனுப்பும்? உள்ளே இருக்கும் அசலைத்தானே அனுப்பும். அசலில் இருந்தது பூசம். தரகர் என்னை வாயாரப் புகழ்ந்து, "உன்ரை கைராசி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வாடிக்கையாளர் சந்தோசமாகப் போனால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னைவிடச் சந்தோசமாக ஒருவரை அனுப்பிவைத்த ஆள் இந்தத் தொழிலில் இருக்கமாட்டார்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தரகர் மறுபடியும் கணினியோடு வந்தார். இந்த முறை முகத்தில் இரத்தம் கூடிப்போயிருந்தது.

"தங்கச்சி, பூசத்தின்ரை படத்தை ஒரு வீட்டுக்கு அனுப்பினனான். அவை இப்ப போன் எடுத்துக் கேக்கினம், கன்றுக்குட்டிக்கும் சேர்த்துக் குறிப்புப் பார்க்கோணுமோ எண்டு! இஞ்சை பார், பூசம் சரியாத்தானே கிடக்கு?"

திரையில் பூசம் வடிவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தேன். கன்றுக்குட்டி என்னைப் பார்த்தது.

ஆயிலியத்தைத் திறந்தேன். பூசம். பதினைந்து நாளுக்கு முன்னர் திறந்து பார்த்திருக்கவேண்டியதை அப்போதுதான் திறந்து பார்த்தேன்.

"அண்ணை, ஆயிலியத்தின்ரை படத்தை ஆருக்காவது அனுப்பினீங்களோ?"

தரகர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அளவெட்டிக்கு அனுப்பினனான். கிளிநொச்சியிலை இரசாயனம் படிப்பிக்கிற மாப்பிளை. நாப்பது வயசு. தாய் இல்லை, தங்கச்சி! ஆயிலியத்துக்கு எண்டு கடவுள் தேடி வச்ச பொடியன். பொருத்தமும் நல்லாக் கிடக்கு. இண்டைக்குப் பதினொரு மணிக்கு ஆஞ்சநேயர் கோயிலடியிலை பொம்பிளை பார்க்க வருகினம்."

கோயிலில் பெண் பார்ப்பது எப்படி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பெண் வீட்டார் தற்செயலாகக் கும்பிட வந்தது போல ஓர் இடத்தில் நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாகச் சுற்றி வந்தது போல அந்தப் பக்கம் போவார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை என்பது போல இரண்டு பகுதியும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். ஐயருக்கும் தெரியும், பூக்காரிக்கும் தெரியும், ஆனால் தற்செயல்தான். பிரமச்சாரிக் கடவுளின் கோயிலை இதற்கு ஏன் தெரிவு செய்தீர்கள் என்று நான் முன்பு ஒருமுறை கேட்டதற்குத் தரகர், "அவருக்கு இதிலை போட்டி இல்லைத்தானே" என்று பதில் சொன்னவர்.

பன்னிரண்டு வயது வித்தியாசம் ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். குறிப்பில் பிறந்த திகதி இருக்கிறது, முப்பத்தாறு என்று அளவெட்டிக்காரருக்குத் தெரியும். ஆனால் கலியாணப் பேச்சுக்குப் பழைய படம் கொடுப்பது எங்கள் ஊரில் உள்ளதுதான். பத்து வருடத்துக்கு முந்திய படம் என்றால் ஒருவரும் அதிசயப்படமாட்டார்கள். அது பழைய படம் என்றுதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள். என் பிழை, ஊர் வழக்கத்துக்குள் போய் ஒளித்துக்கொண்டுவிட்டது.

"இதை முதலிலை திருத்து" என்றார் தரகர். "திருத்திப்போட்டுப் பாப்பம்."

"திருத்தினால் போன படம் திரும்பி வருமே அண்ணை?"

"அப்ப பேசாமல் விடு. கோயிலுக்குள்ளை சனம். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு நிக்கச் சொல்லுவம். தூரத்திலை தெரியாது."

"அண்ணை!"

"இல்லாட்டி வைரஸ் எண்டு சொல்லுவம். உன்னிலை பிழை இல்லைத் தங்கச்சி, கறண்டின்ரை பிழை. நீ என்ன செய்வாய்?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை எனக்குத் தேன் போல இருந்தது. கறண்டின் பிழை! கறண்ட் வந்து சாட்சி சொல்லவா போகிறது? தரகருக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. அவருடைய நாக்கு ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்கும் என்பது எனக்குத் தெரியும். "ஓம் அண்ணை, கறண்ட்தான்" என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போதுதான் அந்த வைத்தியப் பிள்ளை கோயிலடியில் நிற்கும் கோலம் கண்ணுக்குள் வந்தது. மாப்பிள்ளை போனைப் பார்ப்பார், இவளைப் பார்ப்பார், இவள் இல்லை என்று தாண்டிப் போவார். அவர் தேடியது வேறு முகம் என்பது இவளுக்குத் தெரியாது. வழமை போல வீட்டுக்குப் போய்த் தன் முகத்தை நொந்துகொள்வாள். கணினியின் பழுதை நான் ஒரு பெண்ணின் முகத்தில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"கறண்ட் இல்லை அண்ணை. படங்களும் பெயர்களும் சரியாத்தான் கிடந்தது. திறந்து பார்க்காமல் மாத்தினது நான். பிழை என்ரை. டொக்டரின்ரை நம்பரைத் தாங்கோ."

தரகர் நம்பரை மடியில் இருந்து எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தால், தன் பல்லைப் பிடுங்கித் தருகிறார் என்று நினைப்பீர்கள். மணி பத்து. அடித்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"டொக்டர் வேலையிலை நிக்கிறா. கோப்பாயிலை எங்கடை வீட்டை. மாடு கன்று போடேலாமல் கிடந்து தவிக்குது."

"அவசரம் அண்ணை, ஒருக்கால் போனைக் குடுங்கோ."

"குடுக்கேலாது அம்மா, அவவின்ரை ரெண்டு கையும் மாட்டுக்குள்ளை. நான் காதிலை பிடிக்கிறன், கதையுங்கோ."

இப்படித்தான் என் வாழ்க்கையின் பெரிய பாவமன்னிப்பு நடந்தது. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கறண்ட் நின்றது, குட்டிப்படம் மாறியது, நான் பெயரை மாற்றியது, அளவெட்டிக்குப் பூசம் போனது எல்லாம். நடுநடுவே மாடு கத்தியது. 

"அந்தப் பிள்ளை நல்ல வடிவோ, அக்கா?" என்று கேட்டது வைத்தியரின் குரல்.

"வடிவுதான் தங்கச்சி."

"எத்தினை வயசு?"

"இருபத்துநாலு."

"ஐயோ!" என்று ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு, "இழுங்கோ, இழுங்கோ, விட்டிடாதேங்கோ!" என்று கத்தினார். நான் இங்கே கதிரையின் கையைப் பிடித்து இழுத்தேன். தரகர் என் போனில் காதை வைத்தபடி மூச்சை அடக்கினார். தொம்மென்று ஏதோ விழுந்த சத்தம்.

"நாகு கன்று, அக்கா!"

"நாகு கன்றாம்!" என்று தரகர் இரண்டு கையையும் தூக்கி என் கடைக்குள் ஒரு துள்ளுத் துள்ளினார். பெண் கன்று விழுந்தால் நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எதற்குச் சந்தோசப்படுகிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

வைத்தியரின் பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கை கழுவியிருக்க வேண்டும். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தரும் அவைக்குப் போன் எடுக்க வேண்டாம். நான் வந்து நானே சொல்லுறன். நீங்களும் அங்கை வாங்கோ அக்கா. பிழை விட்ட ஆள் வந்து நிக்கத்தானே வேணும்."

"வாறன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கணினியைத் திருத்தத் தொடங்கினேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இடுக்கண் வரும்போது உங்களுக்குக் கை துறுதுறுக்கும். மெசினைத் திருத்தினால் பிழை கழுவப்பட்டுவிடும் போல இருக்கும். மெசின் ஓடிப்போகாது, சனிக்கிழமை பதினொரு மணிதான் ஓடிப்போகும். முதலில் பாதிக்கப்பட்ட ஆளுக்குச் சொல்லுங்கள், பிறகு திருத்துங்கள். பழுதான குட்டிப்படச் சேமிப்பை முழுக்க அழித்தேன், கணினி அசலைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்துகொண்டது. கலண்டர் தாளைப் பார்த்துப் பதினொரு பெயரையும் பழையபடி மாற்றினேன். இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிட வேலை என்றேனே, அவ்வளவுதான் பிடித்தது. பூசத்தின் வீட்டுக்கு அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் எனக்குத் தந்த பேச்சும் தேத்தண்ணியும் இரண்டும் நல்ல சூடு.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியிறங்கி ஓடினோம். கோயிலடியில் சனிக்கிழமைச் சனம். வெற்றிலை மாலையும் வடைமாலையும் கையுமாக ஆட்கள். நான் வாசலில் கழற்றவேண்டிய செருப்பை வீதியிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்பதைத் தரகர் இன்றுவரைக்கும் வீடு வீடாகச் சொல்லி வருகிறார்.

வைத்தியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பச்சைச் சேலை. தலைமயிர் இன்னும் ஈரம். கண்ணாடி போட்டிருந்தார். தாய் ஏற்கெனவே வந்து நின்றா. அவவுக்கு விஷயம் தெரியாது. நான் கிட்டப் போய், "என்னை மன்னிச்சுக்கொள் தங்கச்சி" என்றேன்.

"போனிலை சொல்லிப்போட்டீங்கள்தானே" என்று என் கையைப் பிடித்தார். சிரித்த முகம்தான், ஆனால் விரல்கள் குளிர்ந்திருந்தன. "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா, நான் வீட்டை போய்க் கண்ணாடியோடை சண்டை பிடிச்சிருப்பன் அக்கா. இந்த முறை ஏனெண்டு தெரியும். அது காணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அளவெட்டிக்காரர் வந்தார். வேட்டி, இடுப்பில் சால்வை, வெறும் மேல். பக்கத்தில் தகப்பன் வாய்க்குள் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை மடியில் இருந்து போனை எடுத்துப் பார்த்தார், மடியில் வைத்தார், பெண்கள் நிற்கும் பக்கம் பார்த்தார், மறுபடியும் எடுத்தார். ஒரு தாய் தன் மகளைப் பின்னுக்கு இழுத்து மறைத்துக்கொண்டா. மனுசனின் முகம் வேறு கடுகடு என்று இருந்தது, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல. வைத்தியரைப் பார்த்தார். பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே தாண்டிப் போனார்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

வைத்தியர் இரண்டு அடி முன்னே வைத்தார். "கொஞ்சம் நில்லுங்கோ. நீங்கள் போனிலை வச்சுத் தேடுற ஆள் நானில்லை. ஆனா ஆயிலியம் நாலாம் பாதம் நான்தான்."

தகப்பனின் மந்திரம் நின்றது. வைத்தியரின் தாய் வாயில் கையை வைத்தா. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்து கதைத்ததை அந்தக் கோயிலடி அதற்கு முன்னர் கண்டிருக்காது. பூக்காரி மாலை கட்டுவதை விட்டுவிட்டாள்.

"படம் மாறிப்போச்சுது" என்றார் வைத்தியர். "மாத்தினவ அங்கை நிக்கிறா, அந்தத் தூணுக்குப் பின்னாலை."

நான் வெளியே வந்தேன். கையில் செருப்பு. எல்லாவற்றையும் சொன்னேன், கறண்ட், குட்டிப்படம், பெயர், கன்றுக்குட்டி. ஒரு நாளில் இரண்டாவது தடவை என்பதால் கொஞ்சம் சரளமாகவே வந்தது. இரசாயன ஆசிரியர் இடையில் மறிக்காமல் கேட்டார்.

"அப்ப இது உங்கடை பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின படம் இல்லையோ?" என்று வைத்தியரைக் கேட்டார்.

"இல்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முதலும் நான் இவ்வளவு வடிவில்லை."

மனுசனின் கடுகடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தார். "நான் இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான். பழைய படத்தை அனுப்பி ஏமாத்திற ஆக்களோடை எப்பிடிச் சம்பந்தம் வைக்கிறது எண்டு அப்பாவோடை வழி முழுக்கச் சண்டை. கேட்டுப் பாருங்கோ."

"ஓம், ஓம், சண்டைதான்" என்றார் தகப்பன். அவர் இப்போது மிகவும் சந்தோசமாக இருந்தார்.

"கை ஏன் சிவந்து கிடக்கு?" என்று ஆசிரியர் கேட்டார்.

"காலமை ஒரு கன்று இழுத்தனான். நாகு."

"தாய் மாடு சுகமோ?"

"சுகம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் தரகருக்கு நாலு விநாடி சும்மா நிற்க முடியுமா? திருத்திய படத்தைக் காலையில் என் கடையில் வைத்தே தன் போனுக்கு அனுப்பி வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து, போனை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி, இதுதான் சரியான படம். திறந்து பார்த்துத்தான் கொண்டு வந்தனாங்கள். வடிவாப் பாருங்கோ."

ஆசிரியர் போனைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்து, தரகரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ. ஆளை மறைக்கிறியள்."